படகுக்குக் காய்ச்சல்

"பன்னீர் ஜி, உங்க மோலி இன்னைக்குக் காலையில பேசவே இல்லையே, என்னாச்சு?"

போனில் ஸ்ரீதரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த பன்னீர்செல்வத்துக்குத்தான் வாயிலிருந்த பேஸ்ட் நுரை நேராகத் தொண்டைக்குள் இறங்கியது.

அவசரப்பட்டு அவரைச் சந்தேகப்பட வேண்டாம். மோலி ஒரு பாய்மரப் படகு. அதில் வில்லெம், யோகன்னா என்று ஒரு டச்சுத் தம்பதி. ரிட்டையர் ஆன கையோடு வீட்டை விற்றுப் படகு வாங்கி, உலகம் சுற்றக் கிளம்பியவர்கள். இங்கே ஹாவ்லாக், நீல் தீவுகள், அங்கிருந்து தாய்லாந்து என்று மேப்பில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கொரோனா வந்து ரப்பர் போட்டு அழித்துவிட்டது. தாய்லாந்தும் கதவைச் சாத்தியது, மலேசியாவும் சாத்தியது. இங்கேயும் கரையில் கால் வைக்கக் கூடாது, சாத்தம் தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டுப் படகிலேயே கிடக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

போர்ட் பிளேருக்கு வரும் இந்த மாதிரிப் படகுகளுக்கு ஏஜென்ட் நம் பன்னீர்செல்வம். கஸ்டம்ஸ் காகிதத்திலிருந்து டீசல், தண்ணீர், தக்காளி வரைக்கும் அவர் பொறுப்பு. இன்னொரு விதியும் உண்டு. தீவுக்குள் இருக்கும் வரை படகுக்காரர்கள் காலையும் மாலையும் துறைமுகக் கன்ட்ரோல் ரூமை ரேடியோவில் கூப்பிட்டு, இன்ன இடத்தில் இருக்கிறோம், சௌக்கியம் என்று சொல்லியாக வேண்டும். அந்த ரேடியோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்ரீதர்.

"தூங்கிட்டு இருப்பாங்க ஜி" என்றார் பன்னீர்செல்வம்.

"நாலு தடவை கூப்பிட்டுட்டேன். ஜவாப் இல்ல. வெளிநாட்டு சிம்மு இங்க வேலையும் செய்யாது. ஏஜென்ட் நீங்கதானே, ஒரு சக்கர் போய் நேர்ல பாத்துட்டு வந்துடுங்க."

நேரில்! அது மட்டும் பன்னீர்செல்வத்தால் ஆகாது.

காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊரடங்குக்கு முந்தின நாள் காய்கறியும் ஒரு கேன் சானிடைசரும் எடுத்துக்கொண்டு மோலிக்குப் போனார். "கை படுற சாமானை எல்லாம் இதுல நல்லா நனைச்சுத் துடைங்க" என்று ஒரு மணி நேரம் அறிவுரையும் சொன்னார். அறிவுரை சொன்ன வாயாலேயே வில்லெம் நீட்டிய காப்பியையும் வாங்கிக் குடித்தார். பாதிக் கோப்பை உள்ளே போனபோது வில்லெம் தும்மினார். ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசையாகத் தும்மிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.

அன்றிலிருந்து பன்னீர்செல்வம் தன் மூச்சைத் தானே எண்ணிக்கொண்டு திரிந்தார். இப்போது படகு பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றியது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தன் உயிருக்காகக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மரகதத்துக்காகப் பயந்தார். மரகதத்துக்கு வீசிங் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு தடவை மூச்சு இழுத்து, நகமெல்லாம் நீலம் பாரித்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதவர் அவர். இப்போது அவளுக்கு அந்த வியாதி வந்தால்? மெயின்லேண்டுக்குப் பிளேன் இல்லை, கப்பல் இல்லை. சுற்றிலும் கடல்.

முதலில் தவ்ஹீதுக்கு போன் போட்டார். சாத்தம் பக்கம் டோங்கி என்னும் மோட்டார் தோணி ஓட்டுபவன். அவருடைய சாமான்களைப் படகுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன்தான்.

"தவ்ஹீத், மோலி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாப்பா. கிட்டப் போக வேண்டாம். தள்ளி நின்னு, உள்ள ஆளு நடமாட்டம் இருக்கான்னு மட்டும் பாரு."

"அண்ணே, மாஃப் கரோ. வீட்டுல புள்ளகுட்டி இருக்கு. கொரோனா போட்டுக்கு நம்ம டோங்கி வராது."

"கொரோனான்னு யாருப்பா சொன்னா?"

"நீங்க சொல்ற தினுசுலயே தெரியுதே அண்ணே."

அடுத்து பன்னீர்செல்வம் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் அடிக்க வேண்டும் போல இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரீதரைக் கூப்பிட்டு, "போய்ப் பாத்துட்டேன் ஜி. ரெண்டு பேரும் ஜம்முன்னு இருக்காங்க. ரேடியோ மைக் கெட்டுப் போச்சாம், அதான் பேச முடியல" என்று ஒரு போடு போட்டார்.

"அப்பாடா!" என்றார் ஸ்ரீதர். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. மைக் சரியாகிற வரைக்கும் நீங்களே தினம் ரெண்டு வேளையும் நேர்ல போய்ப் பாத்து எனக்கு ரிப்போர்ட் குடுத்துடுங்க. மேலிடத்துக்கு அப்படியே எழுதிடுறேன்."

போகிற சனியனைப் பிடித்துப் பனியனுக்குள் விட்டுக்கொண்டாயிற்று.

இனிமேல் மரகதத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னாலோ, கேட்ட அதிர்ச்சியிலேயே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். கர்சீப்பை இரண்டாக மடித்து முகத்தில் கட்டிக்கொண்டு, அடுப்படி வாசலுக்கு வெளியே தள்ளி நின்றார்.

"மரகதம், எனக்கு இடுப்பு வலி. நான் கொஞ்ச நாளைக்கு மேல் ரூம்ல படுத்துக்கறேன்."

"இடுப்பு வலிக்கு எதுக்குங்க மூஞ்சியில துணி?"

"அது... நரம்பு. கட்டாந்தரையில படுக்கணும், யாரும் பக்கத்துல வரக் கூடாது, யாரோடயும் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஊரே அடைச்சுக் கிடக்கு, எந்த டாக்டரைப் பாத்தீங்க?"

"யூட்யூப்ல."

மரகதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணிய பார்வை அது. பன்னீர்செல்வம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீ வாசப்படியத் தாண்டக் கூடாது, என்ன? பால்காரன்கிட்டகூடப் பேசக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"சரி சரி, போய்ப் படுங்க" என்றாள் அவள். சத்தியம் பண்ணவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மேல் ரூம் என்பது படகுச் சாமான் போட்டு வைக்கும் அறை. தகரக் கூரை, பலகைத் தளம். கீழே மிளகு விழுந்தால் மேலே கேட்கும், மேலே மூச்சு விட்டால் கீழே கேட்கும். கிழிந்த பாய்மரத் துணி ஒன்றை விரித்துப் படுத்துக்கொண்டார். வாட்ஸப்பில் வந்த வைத்தியப்படி கற்பூரம், ஓமம், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் சேர்த்து ஒரு துணி மூட்டையை ஊரடங்குக்கு முன்னாலிருந்தே கழுத்தில் கட்டியிருந்தார். இப்போது அதில் இன்னும் இரண்டு கற்பூரத்தைத் திணித்தார். ஜன்னல் வழியே பார்த்தால் மர மில்லின் கூரைகளுக்கு மேலே மோலியின் பாய்மரக் கம்பத்து நுனி மட்டும் ஊசி மாதிரி தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கடற்கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

'ஐயோ, முருகா' என்று ஜன்னலைச் சாத்தினார்.

மரகதம் வேளா வேளைக்குத் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் கர்சீப்போடு இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். காலையும் மாலையும் ஸ்ரீதருக்குப் போன் போட்டு, "இப்பத்தான் போய்ட்டு வந்தேன் ஜி, ஆல் வெல்" என்பார். அவருடைய குரலோ கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசக்கூடிய குரல்.

"யாருங்க போன்ல?" என்று ஒரு நாள் கீழேயிருந்து கேட்டாள் மரகதம்.

"ஆபீஸ் விஷயம். படகுல எல்லாம் நல்லபடியா இருக்காம்."

"யாரு போய்ப் பாத்தா?"

"ஆ... ஆளு போகுது."

கீழே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும் என்பது உலக வழக்கம். அடுத்த பொய்யைக் கேட்டு வாங்க ரெங்கம்மா வந்தாள். சுகாதாரத் துறை நர்ஸ். அவளும் போனில்தான் வந்தாள்.

"சார், கன்ட்ரோல் ரூம்ல உங்க நம்பர் குடுத்தாங்க. நீங்கதான் தினம் அந்த வெளிநாட்டுக்காரங்களைப் பாக்குறீங்களாமே. ரெண்டு பேருக்கும் டெம்பரேச்சர் எடுத்து எனக்குச் சொல்லணும்."

"டெம்பரேச்சரா?"

"ஆமா சார். இல்லைன்னா நாங்களே டீமோட போயிடறோம்."

"வேண்டாம் வேண்டாம், நானே எடுத்துடறேன் சிஸ்டர்!"

பன்னீர்செல்வம் பொய்யர்தான், ஆனால் மனசாட்சி உள்ள பொய்யர். வெறுமனே வாய்க்கு வந்த நம்பரைச் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையான மனிதனின் உண்மையான சூடாக இருக்கட்டுமே என்று தன் வாயிலேயே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, வந்ததை வில்லெம் கணக்கில் சொன்னார். யோகன்னா பெண்பிள்ளை என்பதால் ஒரு புள்ளி குறைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவே அவருக்கு வேறொரு பயம் பிடித்தது. ஒருவேளை அவர்கள் சாகவில்லை என்றால்? காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல், தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்றால்? கொண்டுபோய்க் கொடுத்த தக்காளி இந்நேரம் அழுகியிருக்கும். பாவம், நம்மை நம்பி வந்த மனிதர்கள். ராத்திரி கண்ணை மூடினால் யோகன்னா சுருங்கிய கையை நீட்டி, "மிஸ்டர் பன்னீர், வாட்டர்" என்று கேட்டாள். தாங்க முடியாமல் மறுபடியும் தவ்ஹீதைக் கூப்பிட்டார்.

"தவ்ஹீத், டபுள் கூலி தரேன். ஒரு பை அரிசியும் பிரெட்டும் மட்டும் கயித்துல கட்டிட்டு ஓடி வந்துடு."

"டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க அண்ணே. அல்லா பாத்துப்பான்."

போனில் 'படபடபட' என்று ஒரே சத்தம்.

"என்னப்பா அது, டோங்கி இன்ஜின் மாதிரி?"

"ஜெனரேட்டர் அண்ணே. கரன்ட் இல்ல."

"என் வீட்ல இருக்கே?"

லைன் கட்டாகிவிட்டது.

மரகதமும் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டாள். மாடிப்படிக்கு வரும்போது அவள் புடவைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. கேட்டால், "வாசல் முத்தம் கழுவினேன்" என்றாள். ஒருநாள் சமையல் செய்துகொண்டே தனக்குத் தானே, "கம், ஸிட், ஈட்" என்று முணுமுணுத்தாள். கேட்டால், "பொழுது போகலீங்க, இங்கிலீஷ் படிக்கிறேன்" என்றாள். ஆனால் ஒன்று. அவர் மேலே போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. முகம்கூடத் தெளிந்திருந்தது. 'பாத்தியா, எல்லாம் நான் தள்ளி இருக்கறதால' என்று பன்னீர்செல்வம் தன் தியாகத்தை நினைத்துத் தானே கண் கலங்கினார்.

அப்போதுதான் அந்த ரசம் வந்தது.

ஒரு மத்தியானம். வெயிலில் தகரக் கூரை அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டில் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. மரகதத்தின் ரசம் என்றால் சிப்பிகாட் தோட்டத்து மிளகு போட்டு, முதல் வாயிலேயே காதிலிருந்து புகை வரவைக்கும் ரசம். பன்னீர்செல்வம் ஒரு வாய் உறிஞ்சினார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய் உறிஞ்சினார். வெந்நீரில் தக்காளி குளித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டார். மிளகாய் என்ற சாமானே உலகத்தில் இல்லாதது போல இருந்தது.

அவர் கையிலிருந்த தட்டு நழுவியது.

அன்றைக்குக் காலையில்தான் வாட்ஸப்பில் படித்திருந்தார். நாக்குக்கு ருசி தெரியாமல் போனால் அது கொரோனாவேதான்.

"மரகதம்!" என்று கத்தினார். "ரசத்துல மிளகு போட்டியா?"

கீழே கரண்டி விழும் சத்தம்.

"போ... போட்டேனே."

"மிளகாய்?"

"அதுவும்தான் போட்டேன். ஏங்க, காரமா இருக்கா?"

"இல்ல, நல்லா இருக்கு" என்றார் பன்னீர்செல்வம். அப்படியே பாய்மரத் துணியில் சாய்ந்தார். வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது. தெர்மாமீட்டரை வாயில் வைத்தார். தகரத்துக்குக் கீழே, கொதிக்கும் அறையில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெர்மாமீட்டர் என்ன காட்டும்? நூற்றொன்று காட்டியது.

அந்த நேரம் பார்த்து ரெங்கம்மாவின் போன்.

"சார், இன்னைக்கு ரீடிங்?"

"நூத்தி ஒண்ணு" என்றார் பன்னீர்செல்வம் தன்னை மறந்து.

"என்னது! யாருக்கு சார்?"

அவருக்கு உறைத்தது. வாயில் வந்ததை மென்று விழுங்கினார். எனக்குத்தான் என்று சொன்னால் மரகதத்தையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"வில்... வில்லெமுக்கு."

"தும்மல், இருமல் உண்டா?"

"தும்மல் உண்டு. நாக்குல ருசி தெரியல. மனசே சரியில்ல சிஸ்டர்."

"மனசா? சரி சார், நீங்க பதறாதீங்க. டீம் கிளம்பிடும். நீங்களும் சாத்தம் படகுத்துறைக்கு வந்துடுங்க. தெரிஞ்ச முகம் இல்லாம அவங்க கதவு திறக்க மாட்டாங்க."

முடிந்தது கதை. அங்கே போனால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பல நாளாக நாறிக் கிடக்கும் இரண்டு பிணங்கள். அவற்றுக்குத் தினம் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்ததாக ரிப்போர்ட் கொடுத்த ஏஜென்ட். ஜெயிலா, தனி வார்டா, எது முதலில் என்பதுதான் கேள்வி. எதுவானாலும் இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை.

ரெயின்கோட்டை மாட்டி, தலையில் பாலிதீன் பையைக் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். மரகதம் வாசலில் புடவையைச் சொருகிக்கொண்டு எங்கோ புறப்பட்டவள் மாதிரி நின்றாள். கையில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி.

"ஐயய்யோ, இது என்ன வேஷம்? எங்க கிளம்பிட்டீங்க?"

"கிட்ட வராத! அங்கேயே நில்லு!" கையை நீட்டித் தடுத்தார். "மரகதம், எனக்கு இடுப்பு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அது தெரியும்."

"எனக்கு அது வந்துடுச்சு. அந்தப் படகுல காப்பி குடிச்சேன். நீ வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம வெளியில குடிச்சேன். அந்த மனுஷன் என் மூஞ்சியில தும்மினாரு. உனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் மேல போய்ப் படுத்தேன். உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்தத் தீவுல நான் யாருக்காக இருக்கறது, சொல்லு? மெயின்லேண்டுல இருக்கற நம்ம மகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். பாலிதீன் பைக்குள் அழுவது சுலபமில்லை, மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்துக்கொண்டது.

மரகதத்தின் முகம் மாறிவிட்டது. "ஏங்க" என்றாள். "அப்படின்னா நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா எனக்குப் போக மனசு வராது. டீம் மோலிக்குப் போகுது, நானும் போறேன்."

"மோலிக்கா? ஏங்க, ஒரு நிமிஷம், முழுசாக் கேளுங்க..."

அவர் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார். மரகதம் பின்னாலேயே வந்து, தூக்குச்சட்டியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். "சரி, நான் வரல. இதையாவது கொண்டு போங்க. சூடா இருக்கு."

தனி வார்டில் பட்டினி கிடக்கக் கூடாது என்று கட்டிக்கொடுத்திருக்கிறாள் மகராசி. பன்னீர்செல்வம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

படகுத்துறையில் ரெங்கம்மா தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பில் நின்றாள். கூட இரண்டு ஆட்கள், ஒரு ஸ்ட்ரெச்சர். ஸ்ரீதரும் விஷயம் கேள்விப்பட்டு வந்து தூரத்தில் நின்றார். டோங்கியில் உட்கார்ந்திருந்தவன் தவ்ஹீத்.

"ஏம்ப்பா, வரவே மாட்டேன்னியே?"

"இது சர்க்கார் ஆர்டர் அண்ணே" என்றவன், அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தான். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு டோங்கியைக் கிளப்பினான்.

டோங்கி படபடவென்று போயிற்று. பன்னீர்செல்வம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கந்த சஷ்டிக் கவசத்தில் தெரிந்த நான்கு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னார். காற்று வரும் திசையில் மூக்கை நீட்டிப் பார்த்தார். பிண வாடை வரவில்லை. ருசி போன மாதிரி வாசனையும் போய்விட்டது போலிருக்கிறது என்று இன்னும் கலங்கினார். மோலியைச் சுற்றிவந்து பின்பக்கம், எந்த இடத்தில் ஏணி இருக்கிறதோ சரியாக அங்கே கொண்டுபோய் தவ்ஹீத் டோங்கியை அணைத்தான்.

"கூப்பிடுங்க சார்" என்றாள் ரெங்கம்மா.

"மிஸ்... மிஸ்டர் வில்லெம்?" ஈனஸ்வரத்தில் கூப்பிட்டார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும்.

"ஹலோ!" என்றது படகு.

பன்னீர்செல்வம் கடலில் விழாமல் இருந்ததற்குத் தவ்ஹீத் ரெயின்கோட்டைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

உள்ளேயிருந்து வில்லெம் ஏறி வந்தார். செக்கச் செவேலென்று, முன்னைக்கு ஒரு சுற்றுப் பெருத்து, தொப்பை விழுந்து நின்றார். கீழே நிற்கும் வெள்ளை உடுப்புகளையும் ஸ்ட்ரெச்சரையும் பார்த்துத் திகைத்தார். அப்புறம் ஏஜென்டை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தபடி குனிந்தார். குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். தும்மினார். மறுபடி தும்மினார். தும்மிக்கொண்டே இருந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர், பாத்தீங்களா!" என்று பன்னீர்செல்வம் டோங்கியின் மறுகோடிக்குத் தாவினார்.

அவர் தள்ளிப்போனதும் தும்மல் நின்றுவிட்டது.

ரெங்கம்மா வில்லெமைப் பார்த்தாள், பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். "சார், உங்க கழுத்துல என்ன கட்டியிருக்கீங்க? மாஸ்க்கைத் தாண்டி எனக்கே கண்ணு எரியுது. கற்பூரமா? அதைத் தூக்கிக் கடல்ல போடுங்க மொதல்ல."

தெர்மாமீட்டர் துப்பாக்கியை நீட்டி வில்லெமுக்குப் பார்த்தாள். நார்மல். யோகன்னாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நார்மல். கடைசியாகப் பன்னீர்செல்வத்தின் நெற்றியில் வைத்தாள். காற்றில் வந்ததில் அவரும் நார்மல்.

"நூத்தி ஒண்ணு யாருக்கு சார் இருந்துச்சு?"

பன்னீர்செல்வம் கற்பூர மூட்டையைக் கழற்றிக் கடலில் வீசினார்.

"அப்ப ரேடியோவுல ஏன் பேசல, கேளுங்க" என்றாள் ரெங்கம்மா. கேட்டதும் வில்லெம் உள்ளே போய் ஒயர் தொங்கும் மைக்கைக் கொண்டுவந்து காட்டினார். ஏஜென்ட் சொன்னபடி கை படுகிற சாமானை எல்லாம் சானிடைசரில் நன்றாக நனைத்தாராம். மைக்கையும் நனைத்தாராம். அன்றிலிருந்து பேசவில்லையாம்.

மைக் கெட்டுப்போனது நிஜம்! படகுக்காரர்கள் சௌக்கியம் என்பதும் நிஜம்! தான் இத்தனை நாளாகச் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று பன்னீர்செல்வத்துக்கு மெல்ல மெல்ல விளங்கியது. வியாதியும் இல்லை, ஜெயிலும் இல்லை. மரகதம் பிழைத்தாள்! அதுதான் முதலில் தோன்றியது. அவளை வாசல் தாண்ட விடாமல், இந்தப் படகின் காற்றுகூடப் படாமல் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டார். பாலிதீன் பையைக் கழற்றி எறிந்தார். ஒன்று மட்டும்தான் புரியவில்லை. கரையிலிருந்து ஒரு பிரெட் துண்டுகூட வராத இந்தப் படகில் இந்த மனிதருக்கு எப்படித் தொப்பை விழுந்தது?

அந்த நேரத்தில் யோகன்னா ஏணியில் இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அணைத்து வைத்திருந்த தூக்குச்சட்டியைத்தான் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக அதை உரிமையோடு வாங்கிக்கொண்டு, டோங்கிக்குள் யாரையோ தேடினாள். தேடிவிட்டு ரெங்கம்மாவிடம் ஆங்கிலத்தில் மளமளவென்று எதையோ கேட்டாள். தவ்ஹீத் குனிந்து இல்லாத கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

ரெங்கம்மா திரும்பினாள்.

"சார், மரகதம்ங்கறது யாரு? தினம் ரெண்டு வேளையும் சாப்பாடு கொண்டாந்து, கூடவே உக்காந்து பேசிட்டுப் போற அக்கா இன்னைக்கு ஏன் வரலைன்னு இந்தம்மா கேக்குறாங்க. இனிமே ரசத்துல கொஞ்சம் காரம் போட்டாலும் தாங்கிக்குவாங்களாம்!"